சபை வாலிபர் சங்கம் துப்புரவுத் தொழிலாளர் பிரச்சினையில் இறங்கலாமா? எங்கே தொடங்குவது, எங்கே சறுக்கும்?

#1 பெரம்பூர்_வாலிபர்

எங்கள் சேகரத்து (ஒரே ஆயரின் பொறுப்பில் இருக்கும் சபைப் பகுதி) வாலிபர் ஐக்கிய சங்கத்தில் 25 பேர் இருக்கிறோம். லெந்து (ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு) நாட்களில் சாப்பாட்டுப் பொட்டலம், கிறிஸ்மஸுக்குப் போர்வை என்று வழக்கமான வேலைகள் நடக்கின்றன. இந்த வருஷம் மலக்குழி மரணம், துப்புரவுத் தொழிலாளர் உரிமை போன்ற விஷயங்களில் ஏதாவது செய்ய வேண்டும் என்று பேச்சு. கமிட்டியில் இரண்டு எதிர்ப்பு வந்திருக்கிறது. ஒன்று, "சபைக்குள் அரசியல் வேண்டாம்". இரண்டு, "எஃப்.சி.ஆர்.ஏ. போய்விடும்", அதாவது வெளிநாட்டு நன்கொடை வாங்கும் பதிவு. ஆர்ப்பாட்டம் நடத்தலாமா, ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை மனு) போடலாமா, பணம் எங்கிருந்து எடுப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பிரசங்கம் ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்கொள்கிறோம், நடைமுறை வேண்டும்.

#2 முன்னாள்_பொருளாளர்

ஆர்ப்பாட்டம் என்று வள்ளுவர் கோட்டத்துக்குப் போகுமுன் உங்கள் கோயில் காம்பவுண்டைச் சுற்றி வாருங்கள் தம்பி. கையில் மூன்று வருஷத்து வவுச்சர் ஃபைல் இருக்கட்டும்.

முதலில் செப்டிக் டேங்க். கோயில், ஆயர் வீடு, பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் என்று ஒரே சேகரத்தில் நாலு டேங்க் இருக்கும். கடைசியாக எப்போது கழிவு எடுத்தது, யார் எடுத்தது, வவுச்சரில் என்ன எழுதியிருக்கிறது? "லாரி வாடகை" என்று ஒரு வவுச்சரும், அதே தேதியில் "கூலி, 2 ஆள்" என்று தனி வவுச்சரும் இருந்தால் அந்த இரண்டு ஆள் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். லாரி ஹோஸ் போட்டு உறிஞ்சுகிற வேலைக்குத் தனிக் கூலி ஆள் தேவையில்லை. அநேகமாக யாரோ உள்ளே இறங்கியிருக்கிறார்கள்.

அடுத்து கோயில்பிள்ளை (கோயில் பணியாளர்), வாட்ச்மேன், கழிப்பறை கழுவும் அம்மா ஆகியோரின் சம்பளம். குறைந்தபட்சக் கூலி வருகிறதா, வாரம் ஒரு நாள் லீவு உண்டா, கையில் கொடுக்கிறீர்களா வங்கியில் போடுகிறீர்களா? "அது வேலை இல்லை, ஊழியம்" என்று சொல்லிப் பாதிச் சம்பளம் கொடுக்கிற பழக்கம் நம் சபைகளில் ரொம்பப் பழையது. ஊழியம் என்றால் ஆயருக்கும் அதே கணக்குதானே வரவேண்டும்? அங்கே மட்டும் ஸ்கேல், அலவன்ஸ் எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

பள்ளிக்கூடம் ஹவுஸ்கீப்பிங் ஏஜென்சிக்கு விட்டிருந்தால் அதையும் பாருங்கள். ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் வேலை வாங்கிய நிறுவனம் தந்தாக வேண்டும் என்பது 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலிருந்து வருகிற விதி. "ஏஜென்சியைக் கேளுங்கள்" என்று கைகழுவ முடியாது. பிலாத்து கை கழுவியது நமக்கு நினைவிருக்கும்.

யாக்கோபு 5:4-இல் ஆள் மட்டுமல்ல, பிடித்துவைத்த கூலியே கூக்குரல் இடுகிறது. அதை வாசித்துவிட்டு வவுச்சர் ஃபைலைத் திறங்கள். காம்பவுண்டுக்குள் இது ஒழுங்காகாமல் தெருவில் பதாகை பிடித்தால், ஒப்பந்ததாரரோ அதிகாரியோ முதலில் கேட்கப்போவது "உங்க சர்ச்சுல யாரு சார் டேங்க் எடுக்கறது?" என்றுதான்.

#3 விசுவாசி_கொளத்தூர்

பிரதர்களே, கோபிக்க வேண்டாம். ஆத்தும ஆதாயம் (ஆட்களைக் கிறிஸ்துவிடம் கொண்டுவருவது) சபைக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை. ரோமர் 13 அதிகாரங்களுக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது. தொழிற்சங்கம் செய்யும் வேலையைத் தொழிற்சங்கம் செய்யட்டும். உபவாச ஜெபம் வையுங்கள், கஷ்டப்படும் குடும்பத்துக்கு உதவி செய்யுங்கள். ஆர்.டி.ஐ., ஆர்ப்பாட்டம் இதெல்லாம் சபையைப் பிளக்கும்.

#4 சூளை_அன்பியம்

ரோமர் 13 எழுதிய பவுல் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டாமா? அப்போஸ்தலர் 16-இல் பிலிப்பி பட்டணத்தில் விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் போட்டு, மறுநாள் "ரகசியமாய்ப் போய்விடு" என்கிறார்கள். பவுல் நகரவில்லை. ரோமக் குடிமகனை இப்படிச் செய்தீர்கள், அதிகாரிகளே நேரில் வந்து வெளியே விடட்டும் என்கிறார். 25-ஆம் அதிகாரத்தில் இராயனுக்கு அபயமிடுகிறார், அதாவது மேல்முறையீடு. அதிகாரத்துக்குக் கீழ்ப்படிவதும், அந்த அதிகாரத்தின் சட்டத்தை அதற்கே எடுத்துக் காட்டுவதும் ஒரே ஆள் செய்ததுதான்.

அப்போஸ்தலர் 6-உம் உண்டு. கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்குச் சாப்பாட்டுப் பந்தியில் ஓரவஞ்சனை. அப்போஸ்தலர்கள் "ஜெபிக்கிறோம், போய் வாருங்கள்" என்று அனுப்பவில்லை. ஏழு பேரைப் பொறுப்பில் வைத்தார்கள். ஏழு பேர் பெயரும் கிரேக்கப் பெயர். முறையிட்ட பக்கத்தாரிடமே பந்தி போய்விட்டது என்று பொருள்.

உங்கள் பக்கத்து ஆவணமே ஒன்று சொல்கிறேன். 1974 லோசான் உடன்படிக்கை சுவிசேஷ சபைகள் கூடி எழுதியது. சுவிசேஷம் அறிவிப்பதும் சமூக, அரசியல் ஈடுபாடும் இரண்டுமே கிறிஸ்தவனின் கடமை என்று அதன் 5-ஆம் பிரிவு சொல்கிறது. ஒன்று மற்றதற்குப் பதிலாகாது என்றும் அதே பிரிவில் இருக்கிறது. கத்தோலிக்கப் பக்கம் 1891-லேயே திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ நியாயமான கூலி, தொழிலாளர் சங்கம் பற்றி எழுதிவிட்டார். "இது நேற்று வந்த அரசியல்" என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் சபை பிளவுபடும் என்று நீங்கள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. கட்சிக் கொடி ஒன்று உள்ளே வந்தால் மறு வாரமே பிளக்கும். ஆகவே கட்சிக்காரர் யாரும் மேடையில் இல்லை என்பதை முதல் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள்.

#5 கழிவுநீர்_பொறியாளர்

#2-இல் வந்த செப்டிக் டேங்க் விஷயத்தை விரித்துச் சொல்ல வேண்டும். சாவு எப்படி வருகிறது என்று தெரியாமல் அதற்கு எதிராக வேலை செய்ய முடியாது.

டேங்கின் அடியில் சகதி இறுகிக் கிடக்கும். மேலே இருக்கும் தண்ணீரை லாரி உறிஞ்சிவிடும், அடிச்சகதி வராது. அப்போதுதான் லாரிக்காரர் "ஒரு பையன் இறங்கிக் கலக்கிவிட்டா வந்துரும்" என்பார். கலக்கிய நொடியில் சகதிக்குள் அடைபட்டிருந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளியே வரும். அது காற்றைவிடக் கனம், குழிக்குள்ளேயே தங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம். 100 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) தாண்டினால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. "நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்" என்று சொல்லும்போதுதான் அது ஆபத்தான அளவில் இருக்கிறது. 500-க்கு மேல் போனால் சில நிமிடத்தில் மயக்கம், 1000-க்குப் பக்கத்தில் ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் சுருண்டு விழுவார்.

அடுத்தது இரண்டாவது சாவு. விழுந்தவரைத் தூக்க அண்ணனோ கூட வந்தவரோ குதிப்பார். அதே காற்று, அதே முடிவு. செய்தித்தாளில் "இருவர் பலி", "மூவர் பலி" என்று வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

பழக்கத்தில் இருக்கும் "சோதனைகள்" பற்றி:

மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்ப்பது. அது ஆக்சிஜன் ரொம்பக் குறைந்தால் மட்டும் அணையும், விஷ வாயுவைக் காட்டாது. மீத்தேன் இருந்தால் தீப்பிடிக்கும்.

மூடியை ஒரு மணி நேரம் திறந்து வைப்பது. கனமான வாயு தானாக மேலே வராது. வந்தாலும் சகதியைக் கலக்கினால் புதிதாகக் கிளம்பும்.

ஈரத் துணி, கொரோனா மாஸ்க். தூசிக்கு ஆகும், வாயுவுக்கு ஆகாது.

சரியான வழி அலுப்பானது. இரண்டு அல்லது மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தவறாமல் கழிவு எடுங்கள், சகதி கல்லாகாது. பத்து வருஷம் விட்டுவிட்டு ஒரே நாளில் காலி செய்ய நினைப்பதுதான் ஆளை உள்ளே இறக்குகிறது. இறுகிவிட்டால் தண்ணீரைப் பீய்ச்சிக் கரைத்து, இரண்டு மூன்று தடவையாக உறிஞ்ச வேண்டும். கூடுதல் லாரிக்காசு ஆகும். அந்தக் காசைச் சேகர பட்ஜெட்டில் தனி வரியாகப் போடுங்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் போகிற விலைக்கு ஒரு லோடு எடுத்துவிடலாம்!

கேட்டிலிருந்து டேங்க் வரை தூரத்தை டேப் வைத்து அளந்து, ஹோஸ் எட்டுமா என்று லாரிக்காரரிடம் முன்னாலேயே கேளுங்கள். எட்டாவிட்டால் அன்றைக்கு வாளியும் கயிறும் வரும், பின்னால் ஆளும் இறங்குவார். பல கோயில்களில் டேங்க் மூடிக்குமேல் டைல்ஸ் போட்டிருக்கிறார்கள், மேடை கட்டியிருக்கிறார்கள். அதை முதலில் உடையுங்கள்.

தெருவில் பாதாளச் சாக்கடை இருந்தால் இணைப்பு வாங்கி டேங்கையே மூடிவிடலாம். 2011-இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனபோது சேர்ந்த பகுதிகள் பலவற்றில் இன்னும் குழாய் வரவில்லை. அங்கேயெல்லாம் டேங்க்தான், ஆகவே பொறுப்பும் கூடுதல்.

உபாகமம் 22:8-இல் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டச் சொல்லியிருக்கிறது. யாராவது விழுந்தால் இரத்தப்பழி வீட்டுக்காரன் மேல். விழுந்தவனின் கவனக்குறைவு என்று அங்கே எழுதவில்லை.

#6 பெரம்பூர்_வாலிபர்

ரொம்ப நன்றி. அப்படியானால் சங்கத்தில் நிதி திரட்டி ஒரு கேஸ் டிடெக்டரும் பாதுகாப்பு உடைகளும் வாங்கிப் பகுதித் தொழிலாளர்களுக்குக் கொடுத்தால் என்ன?

#7 கழிவுநீர்_பொறியாளர்

வேண்டாம். நாலு வாயு டிடெக்டர் (ஆக்சிஜன், ஹைட்ரஜன் சல்ஃபைடு, கார்பன் மோனாக்சைடு, எரிவாயு) நல்ல கருவிதான். ஆனால் முறையாக அளவு திருத்தாவிட்டால் பொய் சொல்லும், உள்ளே இருக்கும் சென்சார் சில வருஷத்தில் தீர்ந்துபோகும். அதை யார் பார்ப்பது? "சர்ச்சுல மெஷின் குடுத்திருக்காங்க, தைரியமா இறங்கு" என்று ஆகிவிடும். சட்டப்பக்கம் வக்கீல் யாராவது சொல்லட்டும்.

#8 பாரிமுனை_வக்கீல்

சொல்கிறேன். 2013 சட்டம், அதாவது கையால் மலம் அள்ளும் தொழில் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டம். பிரிவு 7 சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்கி ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய வைப்பதைத் தடை செய்கிறது. உள்ளாட்சி அமைப்பு மட்டுமல்ல, எந்த நபரும், எந்த ஏஜென்சியும் என்று வாசகம். ஆகவே கோயில் செயலாளரும் அதில் அடக்கம். பிரிவு 9-இன்படி முதல் தடவை 2 வருஷம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். அடுத்த தடவை 5 வருஷம், 5 லட்சம். பிரிவு 22-இன்படி பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீனில் விடமுடியாத குற்றம்.

"பாதுகாப்பு உடை கொடுத்தால் இறக்கலாமே" என்பார்கள். 2013 விதிகளில் விதி 3-ஐப் பாருங்கள். உடையோடும்கூட இறங்க அனுமதி உள்ள சூழ்நிலைகள் எண்ணிச் சொல்லப்பட்டிருக்கின்றன. இயந்திரம் வைக்கவே முடியாத இடத்தில் உடைந்த மூடியை எடுப்பது, புதுக் குழாயைப் பழையதோடு இணைப்பது, அடியில் பொருத்திய பம்பை எடுப்பது போன்றவை. வேறு தவிர்க்க முடியாத நிலை என்றால் உள்ளாட்சியின் தலைமை அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிந்து அனுமதி தரவேண்டும். சேகரச் செயலாளர் கையெழுத்துக்கு அங்கே இடமில்லை.

#9 சைதை_சிஸ்டர்

ஒரு சாவு நடந்துவிட்டால்? சபை முதலில் போய்ச் சேர்வது அங்கேதான். ஜெபம் பண்ணிவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறோம். முதல் இரண்டு நாளில் செய்ய வேண்டியதை யாராவது வரிசையாகச் சொல்லுங்கள்.

#10 பாரிமுனை_வக்கீல்

குடும்பத்தைத் தனியாக விடாதீர்கள், வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடவிடாதீர்கள். இந்த இரண்டும் முதலில். ஒப்பந்ததாரரின் ஆள் மார்ச்சுவரி வாசலுக்கே பணத்தோடு வருவார். இரண்டு லட்சம், மூன்று லட்சம் கொடுத்து "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதி வாங்கப் பார்ப்பார். சில சமயம் அந்தப் பேரத்துக்கு நடுவராகச் சபைப் பெரியவரையே பிடிப்பார்கள். சமாதானம் பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள் என்ற வசனத்தை அங்கே உபயோகிக்காதீர்கள்.

முதல் தகவல் அறிக்கையில் என்ன பிரிவு என்று பாருங்கள். இயற்கைக்கு மாறான மரணம் என்று பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 194-இல் மட்டும் பதிந்து விடுவார்கள். அல்லது பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) 106(1), கவனக்குறைவால் மரணம். அது போதாது. 2013 சட்டத்தின் பிரிவு 7-உம் 9-உம் சேர வேண்டும். புகார் மனுவிலேயே "சாக்கடைக்குள் இறங்கச் சொன்னது யார், எத்தனை மணிக்கு, என்ன கருவி கொடுத்தார்" என்று எழுதுங்கள். "வேலை செய்துகொண்டிருந்தபோது தவறி விழுந்தார்" என்ற ஒரே வரி வழக்கைக் கொன்றுவிடும். அதை எழுதிக்கொடுப்பது பெரும்பாலும் நல்லெண்ணத்தில் உதவ வந்த படித்தவர்தான்.

பிரேதப் பரிசோதனை அறிக்கை, முதல் தகவல் அறிக்கை இரண்டின் நகலும் வேண்டும். தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு உடனே விண்ணப்பியுங்கள். பிறகு இழப்பீடு கேட்டு ஆட்சியரிடம் மனு. தனியார் கட்டடத்தில் நடந்தாலும் மனு அங்கேதான். 2014 மார்ச் 27 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் 1993 முதல் நடந்த ஒவ்வொரு சாக்கடை மரணத்துக்கும் 10 லட்சம் என்றது. 2023 அக்டோபர் 20 தீர்ப்பு அதை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனம் என்றால் 20 லட்சத்துக்குக் குறையக்கூடாது, மற்ற ஊனத்துக்கு 10 லட்சத்துக்குக் குறையக்கூடாது. ஒப்பந்ததாரர் ஏதாவது கொடுத்துவிட்டார் என்பதற்காக இது போய்விடாது.

வக்கீல் செலவுக்குச் சபை வசூல் செய்ய வேண்டியதில்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987, பிரிவு 12-இன்படி பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. மனைவி பெயரில் விண்ணப்பியுங்கள். எண் 15100.

#11 புளியந்தோப்பு_குரல்

வக்கீல் ஐயா சொன்னதில் ஒரு பிரிவு விட்டுப்போயிருக்கிறது. விட்டது ஏன் என்று அவருக்கும் தெரியும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(ஜெ), பட்டியல் சாதியாரை மலம் அள்ள வைப்பது குற்றம். இறந்தவர் ஞானஸ்நானம் பெற்றவர் என்று தெரிந்தால் எதிர்த்தரப்பு முதலில் அந்தப் பிரிவைத்தான் உடைக்கும். 1950 பட்டியல் சாதிகள் ஆணையின் 3-ஆம் பத்தி: இந்து, சீக்கியர் (1956 முதல்), பௌத்தர் (1990 முதல்) தவிர வேறு மதத்தார் பட்டியல் சாதியாக ஆகமாட்டார். சாக்கடையில் இறங்கும்போது சாதி போதும், நியாயம் கேட்கும்போது மதம் தடுக்கும்.

இதில் சென்னைக்கே உரிய வழக்கு ஒன்று உண்டு. சாலையோரம் செருப்புத் தைப்பவர்களுக்கு இலவசப் பெட்டிக்கடை தரும் அரசுத் திட்டம். சூசை என்பவர் ஆதிதிராவிடர், கிறிஸ்தவர், அதே தொழில். இந்து என்றால் கடை, கிறிஸ்தவர் என்றால் இல்லை. உச்ச நீதிமன்றம் 1985-இல் அவர் மனுவைத் தள்ளியது. மதம் மாறிய பிறகும் அதே அளவு சாதிக் கொடுமை தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் காட்டவில்லை என்பது காரணம். யோசித்துப் பாருங்கள், அந்த ஆதாரம் யாரிடம் இருந்தது? கல்லறைத் தோட்டத்தில் தனி வரிசை, பங்குப் பேரவையில் இடமில்லாமை எல்லாம் சபைகளிடம்தானே இருந்தது. அதை வெளியே சொல்லச் சபைகளுக்குக் கூச்சம். "எங்களிடம் சாதி இல்லை" என்று மேடையில் சொல்லிக்கொண்டே "எங்கள் தலித் மக்களுக்கு உரிமை கொடு" என்று தில்லியில் கேட்க முடியாது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக் கொள்கை வெளியிட்டபோதுதான் திருச்சபைக்குள் சாதி இருப்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டது.

நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் 3-ஆம் பத்தியை நீக்கச் சொன்னது. 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் வந்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. பத்தி அப்படியே இருக்கிறது.

வாலிபர் சங்கத்துக்கு இதில் நடைமுறை எச்சரிக்கை: நீங்கள் சேர்ந்து வேலை செய்யப்போகும் தொழிலாளர் பலரிடம் "இந்து ஆதிதிராவிடர்" சான்றிதழ் இருக்கும், ஞாயிறன்று சபையில் இருப்பார்கள். அவர்கள் படத்தைச் "சபை விசுவாசிகள்" என்று போட்டு முகநூலில் ஏற்றாதீர்கள். ஒரு பெயர்ப் பட்டியல்கூட நோட்டீஸில் அச்சிடாதீர்கள். வேலை, பிள்ளையின் படிப்பு, ஒரு வழக்கு, மூன்றும் அதில் போய்விடலாம். எந்தச் சாதிச் சான்றையும் சாராதது 2013 சட்டத்தின் 7, 9 பிரிவுகளும் 30 லட்சமும்தான். ஆகவே அதைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றது கிடைத்தால் கூடுதல்.

#12 விசுவாசி_கொளத்தூர்

புளியந்தோப்பு பிரதர், மனசாட்சியோடு கேட்கிறேன். சான்றிதழில் ஒன்று, சபையில் ஒன்று. இதை மறைக்க உதவுவது பொய்க்குத் துணைபோவது ஆகாதா? 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் கண்டித்தது.

#13 புளியந்தோப்பு_குரல்

கண்டித்தது உண்மை. சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்வது ஏற்கத்தக்கதல்ல என்று செல்வராணி வழக்கில் சொன்னார்கள். நான் யாரையும் பொய்ச் சான்று வாங்கச் சொல்லவில்லை. அடுத்தவர் மதத்தை விளம்பரப்படுத்த உங்களுக்கு உரிமை இல்லை என்கிறேன். இரண்டும் வேறு.

வெளிப்படையாகக் கிறிஸ்தவர் என்று வாழ விரும்புகிறவருக்கு உள்ளதைத் தெளிவாகச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடரிலிருந்து மாறிய கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில், 26.5 சதவீதப் பங்கில் வருவார். ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவித்தொகை மதம் மாறியவர்களுக்கும் உண்டு. பாதிப் பேருக்கு இது தெரியாது, பள்ளி அலுவலகமும் சொல்லாது. ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் ஜூன் மாதத்தில் இந்தப் படிவத்தை நிரப்ப உதவினால் அதுவும் நீதி வேலைதான்.

பொய்யின் விலையை முழுக்க அந்தத் தொழிலாளி மேல் ஏற்றிவிட்டு நாம் உண்மை பேசுவது ரொம்பச் சுலபம் பிரதர்.

#14 விசுவாசி_கொளத்தூர்

அந்தக் கடைசி வரியை யோசிக்கிறேன். படிவம் நிரப்பும் வேலைக்கு எங்கள் சபையிலிருந்து ஆள் தருகிறோம்.

#15 முன்னாள்_பொருளாளர்

பணத்துக்கு வருகிறேன். கமிட்டியின் எஃப்.சி.ஆர்.ஏ. பயம் பாதி சரி, பாதி சாக்கு.

2010 சட்டம், 2020 திருத்தம். வெளிநாட்டுப் பணம் வந்தால் தில்லியில் ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் இறங்க வேண்டும். நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை என்று இருந்தது 20 ஆகிவிட்டது. வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்கு, அதற்கும் பதிவு இருந்தாலும், மாற்றித் தரக்கூடாது. ஆகவே பேராயத்துச் (பல சேகரங்கள் சேர்ந்த மேல் நிர்வாகம்) சமூகப் பணிப் பிரிவின் பணத்தில் உங்கள் சங்கத்துக்கு "ஒரு ஐயாயிரம்" கேட்காதீர்கள். ஆர்ப்பாட்டத்துக்கு வேன் வாடகை, பதாகை, டீ எதுவும் அந்தக் கணக்கைத் தொடக்கூடாது.

யாரும் கவனிக்காதது காணிக்கைப் பை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் துபாய்க்காரர் தருவது வெளிநாட்டுப் பணம் அல்ல. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட நம் சபைப் பேரன், ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், 500 ரூபாய் போட்டால் சட்டப்படி அது வெளிநாட்டுப் பங்களிப்பு. கிறிஸ்மஸ் சமயம் இது சகஜம். சங்க வேலைக்கு ரசீது போட்டு, உள்ளூர் சந்தா மட்டும் வாங்குங்கள். 25 பேர், மாசம் 100 ரூபாய், வருஷம் 30,000. ஆர்.டி.ஐ., நகல், தபால், போக்குவரத்துக்கு இது தாராளம். உள்ளூர்க் காசில் நடக்கும் வேலையை எஃப்.சி.ஆர்.ஏ. தடுக்காது. அப்புறமும் கமிட்டி பயந்தால் அவர்கள் பயம் வேறு எதற்கோ.

#16 எழும்பூர்_நடைபாதை

ஆர்ப்பாட்டம் பற்றி யாரும் சொல்லவில்லை.

சென்னையில் 1888 நகரக் காவல் சட்டம், பிரிவு 41. ஐந்து நாளுக்கு முன் காவல்துறையிடம் மனு தரவேண்டும். இடம், நேரம், எத்தனை பேர், ஒலிபெருக்கி உண்டா, பொறுப்பாளர் யார் என்று தெளிவாக எழுதி, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். எழுத்து இருந்தால்தான் உயர் நீதிமன்றம் போக முடியும்.

கிறிஸ்தவக் குழுக்கள் அடிக்கடி மாட்டுவது மெழுகுவர்த்தி ஊர்வலத்தில். "அமைதியாத்தானே சார் நடக்கிறோம், பாட்டுக்கூட இல்ல" என்பார்கள். சாலையில் பத்துப் பேர் வரிசையாகப் போனால் ஊர்வலம்தான், அனுமதி வேண்டும். கோயில் வளாகத்துக்குள் நினைவு ஆராதனை நடத்தலாம், இரவு 10-க்கு மேல் ஒலிபெருக்கி கூடாது.

அனுமதியில்லாமல் நின்றால் வழக்கமாக வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்திலோ சமுதாய நலக்கூடத்திலோ சாயங்காலம் வரை வைத்து விடுவார்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை பையில் இருக்கட்டும். அன்றைக்கே வீட்டுக்கு வந்தாலும் பி.என்.எஸ். 189-இல் வழக்குப் பதிவாகியிருக்கலாம். நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டுக்கு அந்த நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும், அரசு வேலை விசாரணையிலும் வரும். கல்லூரிப் பிள்ளைகளிடம் இதை முன்னாலேயே சொல்லுங்கள். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று கூட்டிப்போவது நேர்மையில்லை.

ஸ்டேன் சுவாமி பெயரைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். திருச்சி மாவட்டத்து விரகாலூர்க்காரர், இயேசு சபைக் குரு, ஜார்கண்டில் ஆதிவாசிகளோடு இருந்தவர். 2020 அக்டோபரில் 83 வயதில் ஊபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்பு) சட்டத்தில் கைது, 2021 ஜூலை 5 அன்று ஜாமீன் கிடைக்காமலே மருத்துவமனையில் சாவு. அந்த விலை உண்மை. ஆனால் செப்டிக் டேங்க் வவுச்சர் கேட்பதற்கு யாரும் ஊபா போடப்போவதில்லை. தன் சோம்பலுக்கு அவரைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

#17 சைதை_சிஸ்டர்

ஒரே ஒரு விஷயம். கூட்டத்தில் யார் பேசுவது? தொழிலாளியின் மனைவியை மேடையில் உட்காரவைத்து, நம் ஆள் அரை மணி நேரம் பேசி, கடைசியில் அந்த அம்மாவுக்குச் சால்வை போட்டு அனுப்புவதை நிறுத்துங்கள். அந்த அம்மாவுக்கு மைக். நமக்கு நாற்காலி அடுக்குவது, குழந்தையைப் பார்த்துக்கொள்வது, மனு நகல் எடுப்பது. தொழிலாளர் சங்கம் அந்தப் பகுதியில் ஏற்கெனவே இருந்தால் தேதியை அவர்கள் சொல்லட்டும். அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை நாள், உங்கள் ஆராதனை முடிகிற நேரத்துக்குக் கூட்டம் வைக்காதீர்கள்.

#18 பெரம்பூர்_வாலிபர்

கமிட்டிக்கு இரண்டு தீர்மானம் எழுதிவிட்டோம். ஒன்று, சேகரத்தின் எல்லா டேங்க்கும் அளந்து, தேதி போட்டு, "ஆள் இறங்கக்கூடாது" என்ற நிபந்தனையோடு மட்டும் லாரிக்கு வேலை கொடுப்பது. இரண்டு, ஊழியர் சம்பளம் வங்கி வழியாக. ஆர்ப்பாட்டம் இப்போதைக்கு இல்லை. ஆர்.டி.ஐ. வரைவு கீழே. திருத்துங்கள்.

பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், சென்னைக் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம், சிந்தாதிரிப்பேட்டை.
1. எங்கள் பகுதியில் கழிவுநீர் அடைப்பு நீக்க எத்தனை இயந்திரங்கள் உள்ளன?
2. கடந்த 3 ஆண்டுகளில் இவ்வேலைக்கு விடப்பட்ட ஒப்பந்தங்களின் நகல்.
3. இயந்திரங்கள் இருந்தும் ஏன் இன்னும் மனிதர்களை இறக்குகிறீர்கள்?
4. வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர்களின் பெயர், முகவரி.
அனுப்புநர்: வாலிபர் ஐக்கிய சங்கம் (சபை லெட்டர்பேடில்)

#19 பாரிமுனை_வக்கீல்

லெட்டர்பேடு வேண்டாம். 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 3-இன்படி தகவல் கேட்கும் உரிமை குடிமகனுக்கு, சங்கத்துக்கு அல்ல. ஒருவர் தன் பெயரில், வெள்ளைத் தாளில் எழுதட்டும். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விரைவுத் தபாலில் அனுப்புங்கள், சேர்ந்ததற்கான சான்றோடு.

கேள்வி 1-இல் "எங்கள் பகுதி" என்றால் அவர்களுக்குப் புரியாது, வார்டு எண்ணும் டிப்போ பெயரும் எழுதுங்கள். "எத்தனை" என்பதோடு இயந்திரங்களின் இயக்கப் பதிவேட்டு நகலும் கேளுங்கள். வண்டி இருக்கும், ஆறு மாதமாக ஷெட்டில் நிற்கும், அது பதிவேட்டில்தான் தெரியும்.

கேள்வி 3-ஐ எடுத்துவிடுங்கள். "ஏன்" என்று கேட்டால் அது தகவல் அல்ல, விளக்கம் என்று திருப்பிவிடுவார்கள். கேள்வி 4 தனிநபர் தகவல் என்று 8(1)(ஜெ)-யில் மறுக்கப்படும், அந்தத் தொழிலாளிகளுக்கும் அதில் நல்லது இல்லை.

30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்குப் பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையம். தேதிகளை இப்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள், பலர் தோற்பது தேதியில்தான்.

3-க்குப் பதிலாக இப்படி எழுதுங்கள்: "2013 விதிகளில் விதி 3-இன்கீழ் மனிதர்கள் உள்ளே இறங்கக் கடந்த 3 ஆண்டுகளில் எழுத்தில் வழங்கப்பட்ட அனுமதி ஆணைகளின் நகல், பதிவு செய்யப்பட்ட காரணங்களுடன்." ஆணை இருந்தால் காரணம் தெரியும். "அப்படி ஆணை எதுவும் இல்லை" என்று பதில் வந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள். அதற்குப் பிறகு உங்கள் தெருவில் யாராவது இறங்கியிருந்தால், அனுமதியில்லாமல் இறக்கியதற்கு அவர்களே கொடுத்த சாட்சி அது.